ஈரத்தில் பதினொரு விநாடி

தேஜான்,
மார்ச் 4, 2023

அன்புள்ள நாரேவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சை வெட்டியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் நிறுவனத்தை நீ ‘ரிப்போர்ட் எழுதும் கம்பெனி’ என்று சொன்ன பிறகுதான் வெட்டினேன். இனிமேல் காகிதத்தில் பேசுவோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சேதி இதுதான்: கிடைத்துவிட்டது. சிறு நிறுவனங்களுக்கான அரசு ஆராய்ச்சி மானியம், இரண்டு வருஷத்துக்கு. மூன்றாவது முறையாக விண்ணப்பித்து, நூற்று நாற்பது பக்கம் எழுதி, பதினைந்து நிமிஷம் ஏழு பேர் முன்னால் நின்று பேசி வாங்கியிருக்கிறேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பற்றிக் கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒருவர் என் தாளைப் புரட்டாமலே கேட்டார்: “ஹைட்ரஜன் கசிவைக் கண்டுபிடிக்கிற சில்லுன்னு சொல்றீங்க. இது அவ்வளவு முக்கியம்னா பெரிய கம்பெனிக்காரங்க இந்நேரம் செஞ்சிருக்க மாட்டாங்களா?” பக்கத்தில் இருந்தவர், “பெரிய கம்பெனிக்காரங்க செய்யறாங்களே, அப்புறம் நீங்க எதுக்கு?” என்றார். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, எரிந்தால் தீ கூடக் கண்ணுக்குத் தெரியாது, இப்போதிருக்கிற கருவிகள் மழைக்காலத்தில் மந்தமாகிவிடுகின்றன என்று சொன்னேன். “மழை பெய்யாத நாள்ல ஓடுமில்ல?” என்று கேட்டார் முதல் ஆள். சிரித்தேன். என்ன செய்ய?

நீ போவதற்கு முன் எழுதிய வரியை முப்பத்தேழாம் பக்கத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதம் இருந்தாலும் ஒரு விநாடிக்குள் சில்லு கசிவைச் சொல்ல வேண்டும். அதை எடுத்துவிடச் சொன்னார் விண்ணப்பம் திருத்தித் தந்த ஆலோசகர். எடுக்கவில்லை. இதையாவது நன்றாகச் செய்தாய் என்று எழுது.

சில்லுக்குப் பீங்கான் சுட்டுத் தருகிற நம் குக் ஐயா உன்னை விசாரித்தார். சூளையைப் பற்றவைக்கும்போதெல்லாம், “நாரேம்மா இருந்தா இந்நேரம் என்னைத் திட்டியிருப்பாங்க” என்கிறார்.

உன்,
மிரான்


உல்சான்,
மார்ச் 19, 2023

அடியே மிரான்,

நன்றாகச் செய்தாய். போதுமா?

உண்மையாகவே சந்தோஷம். அன்று இரவுப் பணி முடிந்து வந்து உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு முறை உனக்காக, ஒரு முறை முப்பத்தேழாம் பக்கத்துக்காக.

இங்கே என் வேலை நீ நினைப்பதுபோல் சும்மா உட்காருவது இல்லை. துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் நிலையம். நகரப் பேருந்துகள் வரிசையில் வந்து ஹைட்ரஜன் நிரப்பிக்கொண்டு போகும். பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. கடல் காற்று வந்தால் கூரைக்குக் கீழே இருக்கிற கருவிகள் ஒன்றும் இல்லாததற்கு அலறும். அப்படி அலறினால் எல்லாவற்றையும் நிறுத்தி ஆராய வேண்டும். ஓட்டுநர்கள் என்னைக் கரித்துக் கொட்டுகிறார்கள். பாங் அண்ணன் என்று ஒருவர், வாயாடி, நேற்று வண்டியிலிருந்து தலையை நீட்டி, “இந்த மணி என் மாமியார் மாதிரிம்மா. சும்மா இருக்கறப்போ கத்தும், நிஜமாவே ஏதாவது ஆனா தூங்கிடும்” என்றார். சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. மழை நாளில் உண்மையாகவே தூங்கிவிடுகிறது.

ஆகவே அந்த வரியை விடாதே. அந்த வரிதான் சில்லு. மற்ற நூற்று முப்பத்தொன்பது பக்கமும் உறை.

குக் ஐயாவுக்கு நெத்திலி கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். நீ பாதியை எடுத்துக்கொள்ளாதே.

நாரே


தேஜான்,
ஆகஸ்ட் 11, 2023

நாரே,

மழை. நாற்பது நாளாக மழை. ஆய்வுக்கூடத்தில் சுவர் வியர்க்கிறது.

வறண்ட காற்றில் 0.8 விநாடி. அழகு. குக் ஐயா கைதட்டினார். ஈரக் காற்றை உள்ளே விட்டேன்: பதினொன்று. பீங்கான் பூச்சை மாற்றினோம்: பதினொன்று. துளைகளைச் சிறிதாக்கினோம்: பதினான்கு. திரும்பப் பெரிதாக்கினோம்: பதினொன்று. இந்த எண் என் கனவிலும் வருகிறது.

இதைக் கூட நான் தாங்குவேன். தாங்க முடியாதது மற்றது. ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து. வாங்கிய ஒவ்வொரு கருவியிலும் எண் ஒட்டி, அந்த எண் தெரிகிற மாதிரிப் படம். படத்தில் என் நிழல் விழுந்துவிட்டது என்று ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் நடத்தினால் யார் யார் வந்தார்கள் என்று எழுத வேண்டும். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஒரே அறையில்தான் நாளெல்லாம் இருக்கிறோம், இதில் எது கூட்டம், எது கூட்டம் இல்லை? கேட்டேன். மானிய அலுவலகத்துப் பெண் பாவம், சின்னக் குரலில், “மேடம், நீங்க எல்லாரும் உக்காந்திருந்தா கூட்டம்னு வெச்சுக்கலாமே” என்றாள்.

வாரத்தில் மூன்று நாள் சில்லு, இரண்டு நாள் காகிதம். முன்பு நீ காகிதத்தைத் திட்டுவாய், நான் செய்வேன். இப்போது திட்டுவதையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது.

ஏதாவது யோசனை இருந்தால் எழுது. ஒன்பது சில்லுகள் செய்திருக்கிறோம். ஒன்றை உனக்கு அனுப்பட்டுமா? உங்கள் கூரையில் தொங்கவிட்டுப் பார்.

மிரான்


உல்சான்,
செப்டம்பர் 2, 2023

அன்புள்ள மிரான்,

அனுப்பு. எங்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டேன். “பழைய கருவியைக் கழட்டக் கூடாது. பக்கத்துல சும்மா தொங்கட்டும்” என்றார். அது போதும்.

யோசனை என்று கேட்டாய். சில்லைக் கொஞ்சம் சூடாக வைத்தால் ஈரம் ஒட்டாது. ஆனால் மின்சாரம் அதிகம் தின்னும், அது நமக்கு முன்பே தெரியும். வேறு ஒன்றும் தோன்றவில்லை. நீ கெட்டிக்காரி, உனக்குத் தோன்றும்.

நான் ஏன் போனேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சம்பளத்துக்காகப் போனேன் என்று குக் ஐயாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் போனில் உளறிவிட்டார். சம்பளம் இல்லை, மிரான். நம் முதல் மானியம் நினைவிருக்கிறதா? வறண்ட காற்றில் மூன்று விநாடி என்று இலக்கு வைத்தோம். விண்ணப்பம் போட்ட அன்றே நம்மிடம் இரண்டரை விநாடிச் சில்லு இருந்தது. தோற்க முடியாத இலக்கு. அதற்கு ‘மிகச் சிறப்பு’ என்று சான்று கொடுத்தார்கள், நீ சட்டம் போட்டு மாட்டினாய். அந்தச் சில்லை ஒருவர்கூட வாங்கவில்லை. அலமாரியில் கிடந்தது. தினமும் அந்தச் சான்றுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட எனக்கு முடியவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் எழுது. எழுதாமல் இருக்காதே.

நாரே


தேஜான்,
பிப்ரவரி 6, 2024

நாரே,

ஐந்து மாதம் எழுதவில்லை. கோபம்தான். அதைப் பற்றி எழுத வந்தால் இந்தக் கடிதமும் போகாது, ஆகவே விடு.

நாட்டில் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டியது செய்தியில் பார்த்திருப்பாய். எங்களுக்கும் தாள் வந்துவிட்டது. இரண்டாம் வருஷத்துக்குப் பாதிதான். மானிய அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டேன்.

“அப்ப இலக்கையும் பாதியா வெச்சுக்கலாமா?”

“இலக்கு அப்படியேதான் மேடம்.”

“பணம் பாதி, ஆளு பாதி, இலக்கு மட்டும் முழுசா?”

“இலக்கை மாத்தணும்னா தனி விண்ணப்பம் போடலாம். ஆனா மாத்தினா மதிப்பீட்டுல அது ஒரு குறையா வரும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

 அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவருக்கும் அன்று அதே பதிலை முப்பது பேருக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நாலு பேர் இருந்தோம், இப்போது நானும் குக் ஐயாவும். மற்ற இருவரையும் நானே உட்காரவைத்துச் சொன்னேன். அவர்கள் எழுந்து எனக்குத் தலை வணங்கி நன்றி சொன்னார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினொன்று இன்னும் பதினொன்றுதான்.

மிரான்


உல்சான்,
பிப்ரவரி 20, 2024

மிரான்,

பணி இல்லாத ஞாயிறுகளில் வருகிறேன். சண்டை போட மாட்டேன். கூலி வேண்டாம், குறிப்பேட்டில் என் பெயர் வேண்டாம். சமையல் மட்டும் நீ செய்யாதே, குக் ஐயா செய்யட்டும்.

நாரே


தேஜான்,
ஜனவரி 14, 2025

அன்புள்ள நாரே,

நீ பதினாறு ஞாயிறு வந்தாய். எண்ணி வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை உன் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் எழுதுகிறேன்.

மார்ச்சில் கடைசி மதிப்பீடு. ஆலோசகர் வந்திருந்தார். தாளையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எதுக்கும்மா இவ்வளவு கவலை? இலக்கு அட்டவணையைப் பாருங்க. ‘ஒரு விநாடிக்குள்’னு மட்டும்தான் இருக்கு. ஈரம் பத்தி அங்க ஒரு எழுத்துகூட இல்ல. அது எங்கயோ முப்பத்தேழாம் பக்கத்துல கிடக்கு, யாரு படிக்கப் போறா? சோதனைக்கூடத்துல வறண்ட காத்துல சோதிச்சு 0.8னு சான்று வாங்குங்க. முடிஞ்சுது.”

அவர் சொல்வது பொய் இல்லை, நாரே. அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. நான்தான் அப்படிப் போட்டேன், பெட்டி சின்னதாக இருந்தது என்பதால்.

வெற்றி என்று வந்தால் ஆறு நிரப்பு நிலையங்களில் நம் சில்லைப் பொருத்த உங்கள் நகராட்சி தயாராக இருக்கிறது. அதில் உங்களுடையதும் ஒன்று. ஆறு இடத்தில் தொங்கினால் மேலே ஆராய்ச்சி செய்ய வழி கிடைக்கும். அடுத்த மழைக்குள் நிஜமாகவே ஈரத்தைச் சரிசெய்துவிடுவேன். தோல்வி என்று வந்தால் அடுத்த விண்ணப்பத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? குக் ஐயாவுக்கு வயது அறுபத்தொன்று.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. ‘பயன்படுத்தும் இடத்தில் சில்லு இலக்கின்படி இயங்கியது’ என்று பயனாளர் கையெழுத்திட வேண்டும். நான் அனுப்பிய சில்லு அங்கே கிட்டத்தட்ட ஒன்றரை வருஷமாகத் தொங்குகிறது. நீதான் பயனாளர்.

இந்த ஒருமுறை.

மிரான்


உல்சான்,
பிப்ரவரி 3, 2025

மிரான்,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்திடவில்லை.

நவம்பரில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை வெளியே பேசக் கூடாது என்றார்கள். போன வாரம் முடிந்தது.

விடாத தூறல். மாலை நாலு மணி. பாங் அண்ணன் வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்கச் சொல்லி எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! அன்றும் என் அறைக் கண்ணாடி வழியாகக் கை காட்டினேன். அவரும் பதிலுக்குக் கை காட்டினார்.

குழாயின் மூட்டில் கசிந்தது. எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பழைய கருவி தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது உன் சில்லு அடித்தது.

நான் நிறுத்தும் பொத்தானை அடித்துவிட்டு வெளியே ஓடினேன். “அண்ணா, ஓடுங்க! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!” அவர் கிம்பாப்பைப் போடவில்லை, ஆனால் ஓடினார். தீப்பிடிக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலியருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டார். அவர் ஒன்றும் பண்ணவில்லை.

பிறகு பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். அழுத்தம் குறையத் தொடங்கிய நொடிக்கும் உன் மணி அடித்த நொடிக்கும் நடுவில் பதினொன்று. கேமராவில் அந்தப் பதினொரு விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் ஒரு துண்டு வாயில் போடுகிறார். மெல்லுகிறார். தொப்பியைச் சரிசெய்கிறார். குழாயில் சாய்கிறார். அடுத்த துண்டை எடுக்கிறார். எவ்வளவு நீளம் தெரியுமா, மிரான்? ஒரு மனிதன் எவ்வளவோ செய்துவிடுகிறான்.

ஒரு விநாடி என்று எழுதியிருந்தால் அடுத்த நிலையத்தில் என்னைப் போல ஒருத்தி அந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பாள். எண்ணை நம்பிக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நம் முதல் சில்லு அலமாரியில் கிடந்ததால் யாருக்கும் தீங்கு இல்லை. இது கூரையில் தொங்கும்.

படிவத்துக்குப் பதிலாக வேறொரு தாள் வைத்திருக்கிறேன். நிலையத்தின் முத்திரை இருக்கிறது, மேலாளர் கையெழுத்தும் இருக்கிறது. நடந்தது அப்படியே: மழையில் பதினொரு விநாடி, ஏற்கெனவே இருந்த கருவி கடைசிவரை ஒலிக்கவில்லை. இதை வேண்டுமானால் கொடு. வேண்டாம் என்றால் கிழித்துப் போடு.

0.8 என்று கொடுத்து வெற்றி வாங்கி இங்கே பொருத்த வந்தால், ஏணியில் ஏறி நானே கழற்றுவேன். இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று நீ சொல்லக் கூடாது.

நாரே


உல்சான்,
மார்ச் 30, 2025

மிரான்,

மதிப்பீடு முடிந்திருக்கும். ஒரு வரி போதும்.

நாரே


உல்சான்,
மே 12, 2025

மிரான்,

குக் ஐயாவும் போன் எடுக்கவில்லை. நான் கழற்றுவேன் என்று எழுதியது அதிகம்தான். கழற்றியிருப்பேன், ஆனாலும் அதிகம்.

நாரே


தேஜான்,
ஜூலை 8, 2025

அன்புள்ள நாரேவுக்கு,

உன் தாளைக் கிழிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு போனேன். 0.8 சான்றும் பையில் இருந்தது. எதை எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போகும்வரை எனக்கே தெரியாது.

இந்த முறை ஐந்து பேர். நடுவில் இருந்த அம்மா அட்டவணையைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்: “ஒரு விநாடிக்குள்ளன்னு இலக்கு. வறண்ட காத்துல 0.8 வருதுன்னு இடைக்கால அறிக்கையிலேயே இருக்கே. நல்லது. வேற ஏதாவது இருக்கா?”

அவ்வளவுதான், நாரே. நான் ‘இல்லை’ என்று தலையாட்டியிருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா ஏற்கெனவே அடுத்த நிறுவனத்தின் தாளை இழுத்துவிட்டார்.

பாங் அண்ணன் தொப்பியைச் சரிசெய்தது கண்ணில் வந்தது. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

“முப்பத்தேழாம் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க” என்றேன். ஐந்து பேரும் பக்கம் புரட்டுகிற சத்தம். உன் தாளைக் கொடுத்தேன். ஓரத்தில் இருந்தவர் அதை முழுதும் படித்தார். “அப்ப மழையில பதினொண்ணுதான்னு நீங்களே சொல்றீங்களா?” “ஆமாங்க.” “ஏம்மா, அட்டவணையில அது இல்லவே இல்லையே. நாங்க கேக்கவும் இல்லையே.” “நாங்க எழுதினோங்க. அதுக்காகத்தான் இதைச் செய்ய ஆரம்பிச்சோம்.” நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மேல் எரிச்சல், அவர் வேலையை நான் நீட்டிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. ‘இலக்கு எட்டப்படவில்லை. முயற்சி நேர்மையானது.’ இரண்டு வாக்கியம். தண்டனை ஒன்றும் இல்லை. ஆறு நிலையங்களும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு வாரம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். குக் ஐயாவை உன்னிடம் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தேன். பாவம், அதனால்தான் போன் எடுக்கவில்லை. நீ சொன்னது சரி. அது சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. சரி என்று தெரிந்து செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஆகவில்லை. இரண்டு வருஷம், நாலு பேர், அலமாரி முழுக்கக் காகிதம். அந்த அறையில் நான் ஒருத்தி உண்மை சொன்னதால் அடுத்து வந்த நிறுவனம் பத்து நிமிஷம் தாமதமாக உள்ளே போனது. வேறு என்ன மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தை மூடவில்லை. மூடுவதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதை நிரப்பத் தெம்பில்லை. இடத்தைக் காலி செய்துவிட்டோம். சூளை குக் ஐயாவின் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து சொங்ஜூவில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. காலை எட்டு முதல் ஆறு வரை தட்டுகளில் விரிசல் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். குறிப்பேடு இல்லை, சாட்சி இல்லை, யாரும் படம் கேட்பதில்லை. சில்லை விட்டு விட்டுச் சூடாக்கிப் பார்த்தோம், தொடர்ந்து சூடாக்காமல். மின்சாரம் கொஞ்சம்தான் தின்கிறது. போன சனிக்கிழமை, வெளியே கொட்டுகிற மழை, கதவைத் திறந்து வைத்து அளந்தோம். ஏழு விநாடி. குக் ஐயா நம்பாமல் மூன்று முறை அளந்தார். ஏழு, ஏழு, ஆறரை.

இதை அறிவிக்க வேண்டிய இடம் ஒன்றுமில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

இந்தப் பெட்டியில் புதியது ஒன்று இருக்கிறது. என் பழைய சில்லை இறக்கிவிட்டு இதைக் கட்டு. கழற்றுவதென்றால் தாராளமாகக் கழற்று, ஆனால் முதலில் கட்டு. ஏழு என்று நான் சொல்வதால் ஏழு என்று எழுதிக்கொள்ளாதே. அடுத்த மழையில் நீயே அளந்து, வருகிற எண்ணை எனக்கு எழுது.

மிரான்